தேய்ந்த இடம்

சித்தப்பாவின் கித்தார் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது நீல நிறத்தில் இருந்தது. ஜன்னல் கம்பிக்கும் இரும்பு கேட்டுக்கும் அடிக்கிற எனாமல் நீலம். பிரஷ் போன தடம் அப்படியே உறைந்து, ஓரங்களில் சொட்டு இறங்கி, ஓரிடத்தில் பிரஷ்ஷின் மயிர் ஒன்றும் பெயிண்டோடு சேர்ந்து காய்ந்திருந்தது. பார்த்த மாத்திரத்தில் எனக்குக் கோபம் வந்தது. யாரோ ஒரு ரசனை கெட்டவன் இதைப் பாழாக்கியிருக்கிறான் என்று தோன்றியது. ரசனை கெட்டவர்களைக் கண்டுபிடிப்பதில் எனக்குப் பத்து வருஷப் பயிற்சி உண்டு. இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு அது தெரிந்த விஷயம்தான்.

சித்தப்பா பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். எழுபதுகளின் கடைசியிலிருந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஒரு மெல்லிசைக் குழுவில் கித்தார் வாசித்தார். பங்குனி, சித்திரைத் திருவிழாக்கள், கல்யாண வரவேற்புகள், துறையூரிலிருந்து புதுக்கோட்டை வரை. பிறகு கீபோர்டு வந்தது. ஒரே ஆள் ஒரே பெட்டியில் கித்தாரையும் சேர்த்து வாசித்துவிட, கித்தார் பரணுக்குப் போயிற்று. அவர் போய் மூன்று வருஷம் கழித்து, பரணை ஒழிக்கும்போது, "நீதான் பாட்டு, புஸ்தகம்னு அலையறவன், நீயே எடுத்துக்கோ" என்று சித்தி கொடுத்தாள். "ரிப்பேர் பண்ணிக் கொண்டு வந்து காட்டறேன் சித்தி" என்றேன்.

கல்கத்தாவில் செய்த கித்தார். பெயர்த் தகடு உதிர்ந்துவிட்டது. உருவம் மட்டும் 1954இல் கலிபோர்னியாவில் ஃபெண்டர் கம்பெனி வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டரின் நகல். இந்த மூல உருவத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். லியோ ஃபெண்டர் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது. பலகையை அறுத்து, கழுத்தை நாலு திருகாணியால் பொருத்தி, எது பழுதானாலும் கழற்றி வேறு மாட்டலாம் என்கிற தச்சு, மின்சாரப் புத்தியில் செய்த பொருள் அது. அதற்கு இப்போது உள்ள தெய்வீகம் எல்லாம் பின்னால் ஏறியது.

ஏற்றியவர்களில் ஒருவர் ராரி கேலகர் என்ற ஐரிஷ்காரர். 1961இல் செய்த ஒரு ஸ்ட்ராட்டோகாஸ்டரை 1963இல், பதினைந்து வயதில், கார்க் நகரக் கடையில் பழைய சாமானாகத் தவணைக்கு வாங்கினார். விலை சுமார் 100 பவுன். சாகிற வரைக்கும் அதையேதான் வாசித்தார். வியர்வையும் கையும் பட்டு அதன் பெயிண்ட் உரிந்துகொண்டே வந்து, கடைசியில் முக்கால்வாசி வெறும் மரமாகவே நின்றது. எனக்குக் கல்லூரி நாட்களில் அந்தக் கித்தாரின் ஒரு படத்தின்மேல் ஏறக்குறைய பக்தி. பாட்டைக் கேட்டது அதற்கப்புறம்தான். கேலகர் 1995 ஜூனில், 47 வயதில் இறந்தார். அதே 1995இல்தான் ஃபெண்டர் கம்பெனி, புதுக் கித்தாரைப் பட்டறையிலேயே அடித்து, சுரண்டி, துருவேற்றிப் பழசாக்கி, "ரெலிக்" என்ற பெயரில் கூடுதல் விலைக்கு விற்க ஆரம்பித்தது. ரெலிக் என்றால் கிறிஸ்தவ மரபில் புனிதர்களின் எலும்பும் துணியும். வியாபாரிகளுக்குச் சில சமயம் கவிகளைவிடச் சொற்களின் கனம் தெரிந்திருக்கிறது. பின்னால் கேலகரின் கித்தாருக்கே, உரிந்த இடத்துக்கு உரிந்த இடம், நகல் செய்து விற்றார்கள். அசல் 2024 அக்டோபரில் லண்டன் ஏலத்தில் 7 லட்சம் பவுனுக்குப் போயிற்று. ஏல நிறுவனத்தின் கமிஷன் தனி. அயர்லாந்தின் தேசிய மியூசியத்துக்குக் கொடுப்பதற்காக வாங்கினார்கள் என்பது ஒரு ஆறுதல்.

ஆக, என் திட்டம் இதுதான்: நீலத்தை உரித்தெறிந்து, கல்கத்தாக்காரன் முதலில் அடித்திருக்கக்கூடிய நடுவில் மஞ்சளும் ஓரத்தில் கருப்புமான 'ஸன்பர்ஸ்ட்' வண்ணத்தை மறுபடி கொண்டுவருவது, அதன்மேல், வாசித்து வாசித்துத் தேய்ந்த தோற்றத்தை உண்டாக்குவது. சித்தப்பாவின் உழைப்பு அதில் தெரிய வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தஞ்சாவூர் ரோட்டில் கார்களுக்கு டிங்கரிங் பார்த்துப் பெயிண்ட் அடிக்கிற பாய் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டூகோதான சார் அடிக்கணும்?" என்றார். எனக்குச் சிரிப்பும் வியப்பும் வந்தன. ஐம்பதுகளின் கடைசியிலிருந்து ஃபெண்டர் தன் விசேஷ வண்ணங்களுக்கு வாங்கியது டூபான்ட் கம்பெனியின் கார் பெயிண்ட்டைத்தான். அவற்றில் ஒரு வகைக்கு டூகோ என்று பெயர். கித்தார் உலகம் இன்று மந்திரம்போல் உச்சரிக்கிற 'ஃபியஸ்டா சிவப்பு' ஒரு ஃபோர்டு காரின் நிறம். டூகோ, நைட்ரோ செல்லுலோஸ் லாக்கர் வகை. பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் வாட்டி எடுப்பதில் தொடங்குகிற சரக்கு. வெடிமருந்துப் பஞ்சுக்கும் பழைய சினிமா பிலிமுக்கும் தாயாதி. 1920களில் இது வந்த பிறகுதான் காருக்குப் பெயிண்ட் காய வாரக்கணக்கு என்பது மணிக்கணக்கு ஆயிற்று. மேல்நாட்டில் அந்தப் பெயர் சேகரிப்பாளர்களின் வாயில் மட்டும் மிஞ்சியிருக்க, நம்மூர்ப் பட்டறையில் அது இன்னும் ஒரு வேலையின் பெயர்.

இந்த லாக்கரின் பலவீனம்தான் அதன் மவுசுக்குக் காரணம். மெல்லிசாக உட்காரும், வெயிலில் மஞ்சளாகும், வருஷம் போகப் போக விறைத்துப்போய், மரம் சுருங்கி விரியும்போது கூட வர முடியாமல் மயிரிழை மயிரிழையாக வெடிக்கும். அறுபதுகளின் கடைசியில் கம்பெனி பாலியெஸ்டர் பூச்சுக்கு மாறியது. அது வெடிக்காது, உரியாது, ஐம்பது வருஷம் ஆனாலும் ஒன்றையும் காட்டிக்கொள்ளாது. லாக்கர் அடித்தால் மரம் 'சுவாசிக்கும்', நாதம் கூடும் என்றொரு நம்பிக்கை இருக்கிறது. அறுபதுகளிலேயே அந்த லாக்கருக்கு அடியில் மரத்தின் துவாரங்களை அடைக்கிற கெட்டியான சீலரைப் பூசியிருந்தார்கள். எந்த மூக்கால் சுவாசிக்கும் என்பதை நம்புகிறவர்கள் விளக்க வேண்டும்.

பாய் முதலில் கித்தாரின் அடி ஓரத்தில், தொடையில் உட்காரும் வளைவில், ஒரு பிளேடால் நீலத்தைச் சுரண்டிக் காட்டினார். எனாமல் செதில் செதிலாகப் போயிற்று. கீழே பழைய லாக்கர், தேன் நிறத்தில். இன்னும் சுரண்டினார். லாக்கர் மெலிந்து மெலிந்து போய் வெறும் மரம் வந்தது. மரம் கறுத்து, எண்ணெய் ஏறினதுபோல் பளபளத்து, ஓரம் மழுங்கி இருந்தது. உள்ளங்கை அகலம்.

"சார், இது பிளேடுலயே நிதானமா எடுத்தா அடில உள்ளது நிக்கும். ஒரு மாசம் ஆகும். ரிமூவர் போட்டா ரெண்டு கோட்டும் சேந்து போயிடும்" என்றார்.

"போகட்டும் பாய்."

"இந்தக் கருப்பு?"

"அழுக்கு. தேய்ச்சு எடுத்துருங்க. ஓரத்தை லப்பம் வச்சு நேராக்கிடுங்க. மேல கருப்பு வரப்போகுது, தெரியாது."

பாய் என்னை ஒரு கணம் பார்த்தார். "தேஞ்ச இடம் சார் அது" என்றார். அவர் சொன்னது என் காதில் விழுந்தது. விழுந்தும் நான் அதை ஒரு குறையின் பெயராகத்தான் எடுத்துக்கொண்டேன். தேய்மானம் என்றால் எப்படி இருக்கும் என்று எனக்கு ஏற்கெனவே தெரியும். ஐரிஷ்காரரின் படம் என் மனதில் இருந்தது. அதில் தேய்ந்திருந்த இடம் வேறு.

ரிமூவர் பூசிய கால் மணியில் நீலம் சுருக்கம் விழுந்து, கொப்புளித்து, சட்டையைக் கழற்றுவதுபோல் வந்துவிட்டது. கூடவே கல்கத்தா லாக்கரும். பிறகு உப்புத்தாள், லப்பம், சீலர், நடுவில் மஞ்சள், ஸ்பிரே கன்னால் ஓரங்களில் கருப்பு, மேலே நிறமில்லாத லாக்கர் ஆறு கோட், வாட்டர் பேப்பர், ரப்பிங் காம்பவுண்ட். பாயின் வேலையில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. முகம் பார்க்கலாம்போல் இருந்தது. ஒரு மாதம் நிழலில் தொங்கவிட்டுக் காய வைக்கச் சொன்னார். "இப்ப இதைப் போய்க் கெடுக்கப் போறீங்களா சார்" என்று மட்டும் கேட்டார்.

கெடுப்பதற்கு ஒரு சாஸ்திரம் இருக்கிறது. அதை விஸ்தாரமாகவே சொல்கிறேன்; இந்தப் பகுதியை நான் மிகுந்த சந்தோஷத்தோடு செய்தேன் என்பதை மறைப்பதற்கில்லை. திருகாணிகளையும் கம்பி தாங்கும் பாலத்தையும் ஒரு பிளாஸ்டிக் டிரம்முக்குள் கட்டித் தொங்கவிட்டு, அடியில் ஒரு கிண்ணத்தில் கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டை ஊற்றி, மூடி, மொட்டை மாடியில் ஒரு ராத்திரி வைத்தேன். ஆசிட்டில் முக்கக்கூடாது, ஆவி பட்டால் போதும். காலையில் பளபளப்பு செத்து, திருகாணித் தலைகளில் துரு பூத்திருந்தது. வெள்ளைப் பிளாஸ்டிக் குமிழ்களைக் கெட்டித் தேயிலைத் தண்ணீரில் கொதிக்கவிட்டேன். பல் நிறத்துக்கு வந்தன. உடலைச் சித்திரை வெயிலில் அரை மணி காயவைத்து, ஐஸ் கட்டியைத் துணியில் கட்டி ஒற்றினேன். லாக்கர் வெடிக்க வேண்டும். வெடிக்கவில்லை. புது லாக்கரில் நெகிழ்வுக்காகச் சேர்த்திருக்கும் பொருள் அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்காது. ஃப்ரிட்ஜின் தட்டுகளைக் கழற்றி உடலை உள்ளே வைத்துப் பார்த்ததில் மாவும் தயிரும் அடுத்த வீட்டுக்குப் போக நேர்ந்தது. என் மனைவி அதைப் பற்றி இன்னும் பேசுகிறாள். கடைசியில் ஸேவிங் பிளேடால் மரத்தின் ரேகைக்குக் குறுக்காக ஒவ்வொரு கோடாக நானே கீறினேன். நானூறு கீறலுக்கு மேல் எண்ணவில்லை.

பின்புறம் பெல்ட் பக்கிள் படுகிற இடத்தில் சாவிக்கொத்தால் அடித்தேன். மேல் ஓரத்தில், முன்னங்கை வந்து விழுகிற இடத்தில், உப்புத்தாளால் கருப்பைத் தாண்டி, மஞ்சளைத் தாண்டி, மரம் வரை இறங்கினேன். மரம் வெள்ளையாக, தோலுரித்த முழங்காலைப்போல் வந்தது. தேயிலைச் சாயமும் விளக்குக் கரியும் கொஞ்சம் எண்ணெயும் சேர்த்துத் துணியால் தேய்த்தேன். பத்து நாள், தினம் ஆபீஸிலிருந்து வந்தவுடன். கறுத்தது, பளபளத்தது. பாய் தேய்த்தெடுத்த கருப்புக்கும் நான் ஏற்றிய கருப்புக்கும் நடுவில் ஒரு முழம்கூட இடைவெளி இல்லை.

அப்போதெல்லாம் எனக்கு சாட்டர்டன் ஞாபகம் வராமல் போனது ஆச்சரியம். ஆங்கில இலக்கியம் படித்தவனுக்கு அந்தப் பையனைத் தாண்டிப் போக முடியாது. பிரிஸ்டல் நகரத்தில், பதினைந்தாம் நூற்றாண்டு ரௌலி என்ற பாதிரியார் எழுதினதாகக் கவிதைகளைத் தானே எழுதி, பழைய எழுத்துக்கூட்டலைக் கற்பித்து, தோல் சுவடியைக் காவியால் தேய்த்து, மெழுகுவத்தியில் புகை காட்டிப் பழசாக்கியவன் என்று சொல்வார்கள். 1770இல், பதினெட்டு ஆகும் முன்பே செத்தான். இதில் என்னைத் தொந்தரவு செய்வது அவன் ஏமாற்றினான் என்பதல்ல; அந்தப் பொய்ப் பாதிரியாரின் பெயரில் எழுதியபோதுதான் அவனுக்குக் கவிதை வந்தது என்பது. தன் பெயரில் எழுதினவை பெரும்பாலும் அந்தக் காலத்துச் சராசரிச் சரக்கு. ஆகவே 'போலி' என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாத ஏதோ ஒன்று இந்தக் காரியத்தில் இருக்கிறது. புகை காட்டிய கை வேறு, எழுதிய கை வேறு என்று பிரித்துக்கொள்ளலாமா என்றால், இரண்டும் அவனுடைய கைகள்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன் இதே பக்கங்களில் ஒரு கவிதைத் தொகுதியைப் பற்றி எழுதியபோது, அதில் உள்ள துயரம் "வெளியிலிருந்து பூசப்பட்டது", "படித்துக் கற்றுக்கொண்ட காயம்" என்று சொல்லியிருந்தேன். அந்தக் கவிஞர் பதில் எழுதவில்லை. ஒரு கூட்டத்தில் எதிரே வந்தபோது கைகூப்பிவிட்டு நகர்ந்துவிட்டார். அவருடைய வரிகளில் எது தேய்ந்த இடம், எது தேய்க்கப்பட்ட இடம் என்று அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல எனக்கு எந்த உரைகல் இருந்தது? நான் அதுவரை படித்திருந்த பிற மொழிக் கவிதைகளில் துயரம் எந்த இடத்தில் தேய்ந்திருந்ததோ அந்த இடத்தில் அவரிடம் இல்லை, அவ்வளவுதான். அந்த மதிப்புரையை முழுக்க வாபஸ் வாங்குகிறேன் என்று சொல்லவில்லை. தொகுதியில் மோசமான கவிதைகள் இருக்கின்றன. ஆனால் அந்த இரண்டு சொற்றொடர்கள் விமர்சனமல்ல.

உரைகல் என்றதும் ஆபீஸ் ஞாபகம் வருகிறது. எங்கள் வங்கிக்கு நகைக் கடனுக்கு வருகிற புது நகைகளில் பல இப்போது 'ஆன்ட்டிக் பாலிஷ்' போட்டவை. மங்கலாக்கி, குழிகளில் கருமை ஏற்றி, பாட்டியின் பெட்டியிலிருந்து எடுத்ததுபோல். பில்லில் போன மாதத் தேதி இருக்கும். மதிப்பீட்டாளர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் கல்லில் உரசி, எடை போட்டு, எழுதுவார். தங்கத்துக்கு இது சரி. உரசினால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும். கித்தாரில் உரசினால் தெரிவது மரம். மரம் யாருடையது என்று அது சொல்லாது.

செத்துப்போயிருந்த பிக்கப்பைப் பற்றி ஒரு பத்தி. மூன்றில் ஒன்றில் காயில் அறுந்திருந்தது. மோட்டார் வைண்டிங் கடைகளில் அவ்வளவு மெல்லிய கம்பி கிடையாது. 0.06 மில்லிமீட்டர் செப்புக் கம்பி, தலைமயிருக்குச் சமம். ஒரு கடைக்காரர் சவாலாக எடுத்துக்கொண்டு கம்பி வரவழைத்து, தையல் மெஷின் மோட்டாரில் மாட்டி, கையால் கம்பியை விட்டு விட்டுச் சுமார் 8000 சுற்று சுற்றினார். இரண்டு முறை அறுந்தது. மீட்டரில் 6 கிலோ ஓம் காட்டியதும் எதுவும் சொல்லாமல் டீ வாங்கி வரச் சொன்னார். இந்த முழுக் காரியத்தில் பழசாக்கப்படாதது அந்த ஒரு பாகம்தான். உள்ளே இருக்கிறது, யாருக்கும் தெரியாது.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கித்தாரை எடுத்துக்கொண்டு பொன்மலை போனேன். சித்தி கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். உறையைக் கழற்றி நீட்டினேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். வெகு நேரம் பார்த்தாள்.

"ரிப்பேர் பண்ணிக் கொண்டு வரேன்னியேடா" என்றாள்.

"பண்ணியாச்சு சித்தி. வாசிக்கலாம்."

"இல்லடா, பெயிண்டெல்லாம் உதிந்து கிடக்கே. துருப் பிடிச்சிருக்கு. பரண்ல நல்லாத்தான வச்சிருந்தேன்?" அவள் குரலில் ஒரு குற்ற உணர்வு வந்துவிட்டது. நான் அவசரமாக, இது வேண்டுமென்றே செய்தது, இப்போது இப்படித்தான் விரும்புகிறார்கள், சித்தப்பா வாசித்து வாசித்துத் தேய்ந்த மாதிரி இருக்கட்டும் என்று செய்தேன் என்றேன். மேல் ஓரத்தைக் காட்டினேன்.

"இங்கயா?" என்றாள். பிறகு கீரைத் தட்டை நகர்த்திவிட்டு, கித்தாரை மடியில் வைத்து, வலது தொடைமேல் அதன் இடுப்பைப் பொருத்தி, அவர் உட்கார்ந்த விதத்தைக் காட்டினாள். "நின்னு வாசிச்சதே இல்லைடா. மடக்கு நாற்காலில உக்காந்துதான். கை இப்படித் தூக்கினாப்ல இருக்கும், மேல படாது. இங்கதான் வேர்த்து வேர்த்து" என்று அடி வளைவைத் தடவினாள். லப்பத்தின் மேல், கருப்பின் மேல், ஆறு கோட் லாக்கரின் மேல். "பேண்ட்லகூட அந்த இடம் சாயம் போயிருக்கும்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"அப்படித் தேஞ்சு பாக்க நல்லாயில்லன்னுதான், இந்த வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் பண்ணினப்ப, ஜன்னலுக்கு அடிச்சது போக மிச்சம் இருந்துச்சு, அவரே எடுத்து அடிச்சார். நான் பின்பக்கம் அடிச்சேன். எனக்கு வரலை, சொட்டு சொட்டா இறங்கிடுச்சு. ரெண்டு பேருக்கும் சிரிப்பு." கித்தாரைத் திருப்பி, பின்புறத்துச் சாவிக்கொத்துக் காயங்களைப் பார்த்தாள். "எப்ப பெயிண்ட் அடிப்பே?"

"அடுத்த மாசம்" என்றேன்.

கூடத்து ஜன்னல் கம்பிகளை அப்போதுதான் கவனித்தேன். பச்சை. இடையில் மாற்றியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து கழுத்தைக் கழற்றினேன். அது உட்காரும் குழிக்குள், திருகாணி ஓட்டையின் விளிம்பில், ரிமூவர் எட்டாத ஒரு நகக்கண் அளவு நீலம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஊசியால் நெம்பி எடுத்து, காகிதத்தில் மடித்து, மறுநாள் மத்தியானம் பெயிண்ட் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதை ஷேட் கார்டின் மேல் வைத்து நகர்த்திப் பார்த்தார். இரண்டு கட்டங்களுக்கு நடுவில் தயங்கினார்.

"இது வெளிறினதா சார், இல்லை அப்பவே இந்தக் கலர்தானா?"

வெயில் படாத இடத்தில் இருந்தது என்றேன். அப்படியானால் இது என்று கருநீலத்தைக் காட்டினார். ஆனால் நான் பார்த்த கித்தார் மற்றதைப்போல்தான் இருந்தது. இரண்டிலும் கால் லிட்டர் வாங்கிக்கொண்டேன். டின்கள் மேஜைக்கடியில் இருக்கின்றன. பிரஷ் வாங்கவில்லை.